நோய் தரும் மரபணு: கிருமியில் ஒரு பாதி, பயிரில் மறு பாதி

(உடுப்பிட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



பயிர் நோயைப் பற்றிப் பேச வருகிறவரிடம் கமக்காரர் முதலில் கேட்பது, ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பற்றீரியா நோய்களுக்கு அந்தக் கேள்வியால் அதிக பயன் கிடைப்பதில்லை. பங்கசு நோய்களுக்கு நல்ல மருந்துகள் பல உண்டு. பற்றீரியாவுக்கு அப்படி இல்லை. செம்பு கலந்த மருந்து இலையின் மேலே இருப்பதைக் கொல்லும். உள்ளே போய்விட்டதைத் தொடாது. நீரை மேலேற்றும் காழ்க்கலன்களுக்குள் புகுந்துவிட்ட வாடல் கிருமியை எந்தத் தெளிப்பு மருந்தும் எட்டாது.

ஆகவே இன்று வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மண்ணிலும் கிணற்று நீரிலும் இலையின் மேலும் எத்தனையோ வகைப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை செடிக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. பல நன்மையும் செய்கின்றன. மிகச் சிலவே நோய் தருகின்றன. அந்தச் சிலவற்றிடம் மட்டும் என்ன இருக்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் தரும் ஆற்றல் குறிப்பிட்ட சில மரபணுக்களில் இருக்கிறது. அந்த மரபணுக்கள் பயிரிலுள்ள ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டே வேலை செய்கின்றன. எந்தக் கிருமி எதைப் பற்றுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எனவே நம் தோட்டத்துக் கிருமியை நாமே படிக்காமல் நம் பயிரைக் காக்க இயலாது. இதனை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. மரபணு உடைந்தால் நோய் நின்றுவிடுகிறது

செடிக்குப் பற்றீரியாவால் நோய் வரும் என்பதே ஒரு காலத்தில் நம்பப்படவில்லை. அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் தோமஸ் பரில், பெயர்ஸ் மரங்களைக் கருக்கிய நோய்க்குப் பற்றீரியாவே காரணம் என்று 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். ஜேர்மனியின் அல்பிரட் பிஷர் அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்றார். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வாட்டும் பற்றீரியாவை 1896இல் விவரித்த எர்வின் ஸ்மித், பிஷருடன் 1901 வரை அச்சில் வாதாடி அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தார்.

கிருமிதான் காரணம் என்பது உறுதியானது. ஆனால் அந்தக் கிருமியின் எந்தப் பகுதி காரணம் என்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. அதற்கு உதவியது நமக்கு மிகவும் பழக்கமான புகையிலை. 1963இல் ஹங்கேரிய அறிஞர் சொல்ரான் கிளெமென்ற், வேறு பயிருக்கு நோய் தரும் பற்றீரியாவைப் புகையிலை இலையின் உட்புறத்தில் ஊசியால் செலுத்தினார். ஒரு நாளுக்குள் அந்த இடம் மட்டும் தளர்ந்து காய்ந்தது. செத்த பொருள்களில் வாழும் சாதாரண பற்றீரியாவைச் செலுத்தியபோது இலைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆபத்தான கிருமியைப் புகையிலை உணர்கிறது. தன் கலங்கள் சிலவற்றைத் தானே சாகவிட்டு அது பரவாமல் தடுக்கிறது. இப்படி ஆய்வுகூடத்துக்கு எளிதான ஒரு சோதனை கிடைத்தது.

1986இல் கலிபோர்னியாவில் லின்ட்கிரென், பீற், பனோபுலொஸ் ஆகிய மூவரும் போஞ்சியில் நோய் தரும் சூடோமோனாஸ் பற்றீரியாவை எடுத்தனர். இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் புகுத்தி, அதன் மரபணுக்களை அங்கங்கே உடைத்தனர். அப்படிக் கிடைத்த விகாரிகளில் சில வளர்ப்பூடகத்தில் முன்போலவே செழித்து வளர்ந்தன. ஆனால் போஞ்சிக்கு நோய் தரவும் இல்லை. புகையிலை இலையைக் காயவைக்கவும் இல்லை. உடைந்த இடங்களில் பெரும்பாலானவை மரபணுத் தொகுதியில் ஒரே பகுதியில் அடுத்தடுத்து இருந்தன.

இந்த முடிவை நான் அடிப்படையாகக் கொள்கிறேன். உயிருடன் இருக்கிறது, பெருகுகிறது, ஆனால் நோய் தரவில்லை. அப்படியானால் உயிர்வாழும் ஆற்றல் வேறு, நோய் தரும் ஆற்றல் வேறு.

2. கிருமியின் புரதம் செடியின் மரபணுவை இயக்குகிறது

போஞ்சிக் கிருமியில் உடைக்கப்பட்ட அந்தப் பகுதியிலுள்ள மரபணுக்கள் சேர்ந்து கட்டுவது நுண்ணிய குழாய் ஒன்றை. பற்றீரியாவின் உடலிலிருந்து நீண்டு, செடியின் கலச்சுவரைக் கடந்து, புரதங்களை நேரே கலத்துக்குள் செலுத்தும் ஊசி அது. மனிதருக்குக் கொள்ளைநோயும் வயிற்றுளைச்சலும் தரும் பற்றீரியாக்களிடமும் இதே அமைப்பு உண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

ஊசி வழியே போகும் புரதங்கள் என்ன செய்கின்றன? நம் வளவுகளில் நிற்கும் தேசி மரத்தைப் பாருங்கள். இலையின் அடியில் தக்கைபோல் தடித்து மேலெழுந்த புள்ளிகள் இருக்கும். சுற்றிலும் மஞ்சள் வளையம். காயின் தோலிலும் அவை சொரசொரவென்று தெரியும். அது சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவின் வேலை. மழைத்துளியோடும் காற்றோடும் வந்து இலைவாய்கள் வழியாகவும், இலைக்குள் சுரங்கமிடும் புழு விட்ட காயங்கள் வழியாகவும் புகுகிறது. அது செலுத்தும் ஒரு புரதம் செடிக் கலத்தின் கருவுக்குள் நுழைகிறது. அங்கே தேசியின் சொந்த மரபணு ஒன்றின் முன்பகுதியில் போய் அமர்கிறது. உறங்கிக்கிடந்த அந்த மரபணு இயங்கத் தொடங்குகிறது. கலங்கள் பருத்துப் பெருகி இலையின் தோல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே பற்றீரியா வெளியே வந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. நாம் காணும் அந்தத் தக்கைப் புள்ளியைக் கட்டியது தேசி மரமேதான். கட்டச் செய்தது பற்றீரியா.

அந்த மரபணு எது என்பது 2014இல் வெளியாயிற்று. சில ஆண்டுகளில் புளோரிடா ஆய்வாளர்கள் கிரேப்புருட் செடியில் அந்த மரபணுவின் முன்பகுதியை மட்டும் சற்றே மாற்றியபோது, புரதத்துக்கு அமர இடம் இல்லாமல் போய் நோய் வெகுவாகக் குறைந்தது. இதே புளோரிடாவில்தான் இந்த நோயை ஒழிப்பதற்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி எரித்தார்கள். 2006இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். மரத்தை அழித்து முடியாததை, பற்றும் இடத்தை அறிந்தபின் அணுக முடிகிறது.

இந்தப் புரதங்கள் டி.என்.ஏ.யில் தம் இடத்தை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கின்றன? 2009இல் ஜேர்மனியின் ஹாலேயிலும் அமெரிக்காவின் அயோவாவிலும் இரண்டு குழுக்கள் ஒரே காலத்தில் விடை கண்டன. புரதத்தில் 34 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு துண்டிலும் 12ஆம், 13ஆம் இடங்களில் உள்ளவை மட்டும் மாறுபடுகின்றன. அந்த இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.யின் ஓர் எழுத்தைக் குறிக்கின்றன. துண்டுகளை வரிசையாக வாசித்தால், அந்தக் கிருமி பயிரின் எந்த மரபணுவைக் குறிவைக்கிறது என்று முன்கூட்டியே கணிக்க முடியும். கிருமியின் மரபணுவைப் படிப்பது பயிரின் பலவீனத்தைப் படிப்பதாகவும் ஆகிறது.

3. பயிர் மறுக்கவும் முடியும்

நெல்லின் இலைக்கருகலை எடுத்துக்கொள்வோம். இலையின் நுனியும் ஓரமும் வெளிறி வைக்கோல் நிறமாகக் காயும். ஜப்பானின் புகுவோகாவில் 1884இல் கமக்காரர்கள் முதலில் கண்ட நோய் இது. இலங்கை உட்பட ஆசியா முழுவதும் உண்டு. இதுவும் சாந்தோமோனாஸ்தான். ஆனால் இது குறிவைப்பது வேறு. கலத்திலிருந்து சீனியை வெளியே விடும் புரதத்தை ஆக்கும் நெல்லின் மரபணுவை இது இயக்குகிறது. கலத்திலிருந்து கசியும் சீனி கிருமிக்கு உணவாகிறது என்று கருதப்படுகிறது.

சில நெல் வர்க்கங்களில் அந்த மரபணுவின் முன்பகுதி இயல்பிலேயே மாறியிருக்கிறது. கிருமியின் புரதம் வந்தும் பற்ற முடிவதில்லை. எக்ஸ்.ஏ.13 என்று பயிர் விருத்தியாளர்கள் பலகாலமாகக் கையாண்ட எதிர்ப்பு இதுதான் என்பது 2006ஐ ஒட்டித் தெரிந்தது. எக்ஸ்.ஏ.5 என்ற மற்றொன்றில், மரபணுக்களை இயக்க நெல் பயன்படுத்தும் பொதுப் புரதம் ஒன்று சற்றே மாறியிருக்கிறது. வந்த புரதத்துக்கு அது ஒத்துழைப்பதில்லை. ஆபிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து கிடைத்த எக்ஸ்.ஏ.21 மூன்றாம் வகை: கிருமியை வெளியிலேயே உணர்ந்து எச்சரிக்கிறது. ஆய்வாளர் பமீலா ரொனல்டின் குழு அதனை 1995இல் பிரித்தெடுத்தது.

இந்த மூன்றையும் ஒரே நெல்லில் சேர்த்தவர்கள் ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் அங்குள்ள கல மூலக்கூற்று உயிரியல் மையமும். தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று அழைக்கப்படும் சம்பா மசூரியில், அதன் சோற்றுத் தரம் குறையாமல் சாதாரண இனக்கலப்பாலேயே சேர்த்து, 2008இல் வெளியிட்டார்கள்.

ஏன் மூன்று? ஒன்று போதாது. எக்ஸ்.ஏ.13 தடுப்பது ஒரு சீனி மரபணுவைக் குறிவைக்கும் கிருமியை மட்டும். வேறு சீனி மரபணுவை இயக்கும் கிருமிகளும் உண்டு. அவை இந்த எதிர்ப்பைச் சட்டை செய்வதில்லை. ஓர் ஊரில் பெயர்பெற்ற எதிர்ப்பு வர்க்கம் இன்னோர் ஊரில் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. ஊசி இல்லாத கிருமிகளும் உண்டு

ஊசி அமைப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிட வேண்டாம். வெங்காயத்தைத் தொட்டு வாழும் இந்த வடமராட்சியில் இதைச் சொல்லியாக வேண்டும்.

வெங்காயத்தை வெட்டினால் கண் எரிகிறது. கலம் சிதையும்போது உள்ளே தனித்தனியே இருந்த நொதியமும் கந்தகச் சேர்வையும் சந்திப்பதால் எழும் காரம் அது. பற்றீரியாக்களுக்கு அது நஞ்சு. அதனால்தான் வெங்காயக் குமிழைப் பல கிருமிகளால் அணுக முடிவதில்லை.

பிலிப்பைன்ஸில் 1928இல் அன்னாசியிலிருந்து பெயர் பெற்ற பன்ரோயா அனனாற்றிஸ் என்ற பற்றீரியா, வெங்காயத்தின் நடுக்குருத்தையும் குமிழையும் அழுகச் செய்கிறது. அதனிடம் ஊசி அமைப்பு இல்லை. பதிலாக இரண்டு மரபணுக் கூட்டங்கள் இருப்பதை அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. ஒன்று பொசுபரசு அடங்கிய நச்சுப் பொருள் ஒன்றை ஆக்கி வெங்காயக் கலங்களைக் கொல்கிறது. கொன்றவுடன் காரம் வெளிப்பட்டுக் கிருமியும் சாகவேண்டும். அந்த இடத்தில் இரண்டாவது கூட்டம் உதவுகிறது: 11 மரபணுக்கள் கொண்ட அது, கந்தகக் காரத்தைத் தாங்கும் வலிமை தருகிறது. ஜோர்ஜியா பல்கலைக்கழகக் குழு 2020இல் இதனை வெளியிட்டது. இரண்டாவது கூட்டத்தை இழந்த கிருமி கலத்தைக் கொல்லலாம். ஆனால் குமிழுக்குள் நன்றாகப் பெருக முடிவதில்லை.

ஒவ்வொரு பயிருக்கும் தனக்கென ஒரு காப்பு இருக்கிறது. அந்தப் பயிரில் நோய் தரும் கிருமியிடம் அந்தக் காப்புக்கு நேரான மரபணு இருக்கிறது. நெல்லில் கற்றதை அப்படியே வெங்காயத்தில் பிரயோகிக்க முடியாது.

5. மரபணு இருந்தால் போதாது. இயங்கும் வேளையும் வேண்டும்

கத்தரியும் தக்காளியும் மிளகாயும் பச்சையாக நின்றபடியே ஒரு நாள் நண்பகலில் தலை சாய்கின்றன. இறைத்தாலும் நிமிர்வதில்லை. இது பங்கசாலும் வரலாம், பற்றீரியாவாலும் வரலாம். பிரித்தறிய ஆய்வுகூடம் தேவையில்லை. வாடிய கன்றின் தண்டை நிலத்தை ஒட்டி இரண்டு மூன்று அங்குல நீளத்தில் வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுனை நீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். பற்றீரியா வாடலானால் சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து பால்போன்ற வெள்ளை நூல் நீருக்குள் இறங்கும். பங்கசு வாடலில் அது இறங்காது.

அந்த வெள்ளை நூல் ரல்ஸ்ரோனியா என்ற பற்றீரியாவும் அது சுரக்கும் பசையும். எர்வின் ஸ்மித் விவரித்த அதே கிருமி. காழ்க்கலன்களைப் பசை அடைத்துவிடுவதால் வேர் உறிஞ்சிய நீர் மேலே ஏறுவதில்லை.

இந்தக் கிருமி வேர்க்காயத்தால் நுழையும்போது பசையை ஆக்குவதில்லை. தொகை குறைவாக இருக்கும்வரை நீந்துகிறது, பரவுகிறது. ஒவ்வொரு கலமும் ஒரு சிறு மூலக்கூற்றை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கிருமிகள் பெருகி, ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டும்போது அந்த மூலக்கூறும் அளவு மீறித் திரள்கிறது. அதனை உணர்ந்ததும் பி.எச்.சி.ஏ. என்ற தலைமை மரபணு செயற்பட்டு, பசையையும் கலச்சுவரைச் சிதைக்கும் நொதியங்களையும் ஆக்கும் மரபணுக்களை இயக்குகிறது. 1954இல் ஆய்வாளர் ஆதர் கெல்மன் வளர்ப்பூடகத்தில் இரண்டு வகைக் குடியிருப்புகளைக் கண்டார்: பசை வழிவன நோய் தந்தன, பசையின்றி உலர்ந்து கிடந்தவை தரவில்லை. அந்தப் பசையற்ற வகையில் பெரும்பாலும் உடைந்திருப்பது இந்தத் தலைமை மரபணுவே என்பது பின்னர் தெரிந்தது.

இந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதி 2002இல் வாசிக்கப்பட்டது. 58 இலட்சம் எழுத்துகள், இரண்டு வளையங்கள். ஊசி வழியே செலுத்தும் புரதங்கள் மட்டும் 70 அளவில். 200க்கும் மேற்பட்ட செடியினங்களை இது தாக்குவதற்கு இந்தப் பெரிய இருப்பும் காரணம்.

கமக்காரருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கன்று தலை சாயும் நாள் நோயின் முதல் நாள் அன்று. கிருமி தன் தொகையை எட்டிய நாள். அதற்கு முன்பே அது மண்ணிலும் வாய்க்கால் நீரிலும் அடுத்த பாத்திக்குப் போயிருக்கும். பங்குக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்குத் தோட்டம் இறைக்கும் நம் ஊரில், ஒருவரின் வாடல் ஒருவரோடு நிற்பதில்லை.

6. நோய் தரும் மரபணுக்கள் இடம் மாறுகின்றன

1969இல் அவுஸ்திரேலியாவின் அலன் கெர் ஒரு சோதனை செய்தார். தண்டில் கழலை உண்டாக்கும் அக்ரோபக்ரீரியத்தையும், கழலை உண்டாக்காத அதன் உறவினையும் ஒரே செடியில் சேர்த்து வைத்தார். சில காலத்தின் பின் தீங்கற்றதாக இருந்ததும் கழலை உண்டாக்கத் தொடங்கியது. பெல்ஜியத்தின் கென்ற் நகர ஆய்வாளர்கள் 1974-75இல் காரணத்தைக் கண்டனர்: நோய் தரும் மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையத்தில் இருந்தன, அந்த வளையம் ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றதற்குக் கடந்து சென்றது. வெங்காயக் கிருமியின் கந்தகக் காரம் தாங்கும் மரபணுக்களும் பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன. செம்பு மருந்தைத் தாங்கும் மரபணுக்களும் பல கிருமிகளில் அப்படியே. ஒரே மருந்தை ஓயாமல் அடிக்கும் தோட்டத்தில் அந்த மரபணுவைப் பெற்ற கிருமியே மிஞ்சுகிறது.

கிருமிகள் கடல் கடந்தும் வருகின்றன. விதைக்கிழங்குக்குள் வாடல் கிருமி வெளியே ஓர் அடையாளமும் இல்லாமல் இருக்க முடியும். கன்றும் ஒட்டுமரமும் விதையும் வரும்போது, அவற்றோடு வேறு மரபணுக்களும் வந்து சேரலாம்.

இனி, இந்த ஆறையும் சேர்த்துச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மருந்துக் கடைக்குப் போகுமுன் தண்டை வெட்டிப் பாருங்கள். நூல் இறங்கினால் அந்தக் கன்றை மண்ணோடு அகழ்ந்து தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். வாய்க்காலில் எறிய வேண்டாம். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறக்க வேண்டாம். அதே மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை என்று ஒரே குடும்பத்தை மாறி மாறி நடாதீர்கள். சுண்டங்கத்தரியின் வேரில் கத்தரியை ஒட்டுவது பல நாடுகளில் வாடலுக்கு எதிராகப் பயன்பட்டிருக்கிறது, இங்கும் முயலத்தக்கது. விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லும்போது ‘வாடிப்போச்சு’ என்பதோடு நிற்காமல், நூல் இறங்கியதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நான் முன்வைப்பது பெரிய வேலை. வாடலை எதிர்க்கும் தக்காளி வர்க்கங்களைப் பல நாடுகளில் நட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஓரிடத்தில் தப்பி இன்னோரிடத்தில் பட்டுப்போயின. மண்ணும் வெப்பமும் வேறு, கிருமியும் வேறு. நம் செம்மண்ணில், நம் கிணற்று நீரில் இருக்கும் கிருமி எந்த வகை? தேசியிலும் நெல்லிலும் வெங்காயத்திலும் இருப்பவற்றிடம் என்னென்ன மரபணுக்கள் உள்ளன? பாடசாலையில் தண்டுச் சோதனை செய்து, இடம், திகதி, பயிர் மூன்றையும் எழுதி, மாதிரியை அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குக் கொடுக்கும் வழக்கம் ஒன்றை ஏற்படுத்தலாம். அங்கே பிரித்தெடுத்துச் சேமித்து, டி.என்.ஏ.யை வாசித்து வைக்கலாம். முன்பு பெரிய நாடுகளுக்கு மட்டும் வாய்த்திருந்த வாசிப்புக் கருவி இப்போது உள்ளங்கை அளவில் கிடைக்கிறது.

அப்படி ஒரு பதிவு இருந்தால், வெளியிலிருந்து வரும் எந்த எதிர்ப்பு வர்க்கத்தையும் ‘இது எங்கள் கிருமிக்குப் பொருந்துமா?’ என்று நட்டு நட்டமடையுமுன்பே கேட்க முடியும். நல்ல விதையை ஹைதராபாத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ வாங்கிக்கொள்ளலாம். அது எதிர்க்கவேண்டிய கிருமி எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. அதன் மரபணுப் பட்டியலை எங்களுக்காக வேறொருவர் எழுதித் தரமாட்டார். அந்த வேலையை உடுப்பிட்டியில் தொடங்குங்கள் என்று கேட்டு அமைகிறேன்.